பழைய நீர்ப்பம்பியின் காபுரேற்றர்: காதால் கேட்டுச் சரிசெய்வோம்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு எதுவும் இல்லை. எமது வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் கிணற்று நீரிலேயே வளர்கின்றன. ஒரு காலத்தில் ஒருவர் துலா மிதிக்க, ஒருவர் பட்டை பிடிக்க, இன்னொருவர் பாத்திகளுக்குத் தண்ணீர் மாறினார். பின்னர் அந்த வேலையை மண்ணெண்ணெய் நீர்ப்பம்பி ஏற்றுக்கொண்டது.

1990ஆம் ஆண்டு யூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது தடைசெய்யப்பட்டது. மொரிஸ் மைனர், ஒஸ்ரின் கார்களையும் மோட்டார் சைக்கிள்களையும் எமது மக்கள் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். சிறு போத்தலில் பொத்திப் பொத்தி வைத்திருந்த பெற்றோலில் சில துளிகளை விட்டு எஞ்சினை இயக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். எமது கராச்சுகளில் வேலை செய்தவர்கள் காபுரேற்றரைப் பற்றி அறிந்தவற்றுள் பெரும்பகுதி அந்த நெருக்கடியில் கற்றதே.

2022ஆம் ஆண்டின் எரிபொருள் தட்டுப்பாடு அந்த அறிவை மீண்டும் தேவையாக்கியது. அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெயின் விலை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தது. மின் இணைப்பு இல்லாத தோட்டங்களில் பழைய பம்பியைத் திருத்தி ஓட்டுபவர்கள் இன்றும் உள்ளனர். அவர்களுக்காகவே இக்குறிப்பு.

காபுரேற்றர் செய்யும் வேலை

பூச்சி கொல்லும் பழைய பிளிட் பம்பியை நினைத்துப் பாருங்கள். குழாயின் வாயைக் கடந்து காற்று விரைந்து செல்லும்போது, கீழேயுள்ள மருந்து தானாக மேலேறித் தூவலாகிறது. காபுரேற்றரும் அப்படித்தான். அதன் ஒடுங்கிய கழுத்தினூடாகக் காற்று விரையும்போது, மிதவைக் கிண்ணத்திலுள்ள எண்ணெய் ஜெற் எனப்படும் சிறு துவாரத்தின் வழியாக உறிஞ்சப்படுகிறது.

ஒரு கிலோ எண்ணெய் முழுமையாக எரிய ஏறத்தாழ 15 கிலோ காற்று வேண்டும். ஒரு லீற்றர் மண்ணெண்ணெய்க்கு இது சுமார் 10,000 லீற்றர் காற்று. இந்த அளவைப் பேணுவதே காபுரேற்றரின் கடமை.

பெற்றோல் சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகும். மண்ணெண்ணெயோ 150 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்திலேதான் பெரும்பாலும் கொதிக்கும். ஆகவே குளிர்ந்த எஞ்சினில் அது எரியாது. நாற்றத்துடன் வெண்புகையாக வெளியேறும். மண்ணெண்ணெய்ப் பம்பிகளில் பெற்றோலுக்கு ஒரு சிறு தாங்கி தனியாக இருப்பதன் காரணம் இதுதான். பெற்றோலுக்கென்றே செய்த எஞ்சினில் அமுக்கம் அதிகம். அதில் மண்ணெண்ணெய் விட்டால் உள்ளே தட்டும் ஓசை எழும், பிஸ்ரன் பழுதாகும்.

முதலில் துப்புரவு

திருகாணியைத் தொடுமுன் காற்று வடியைக் கழுவி உலர்த்துங்கள். கிண்ணத்தைக் கழற்றி அடியில் படிந்த மண்ணையும் நீரையும் அகற்றுங்கள். ஜெற் துவாரத்தைக் கம்பியால் குத்தவேண்டாம். அது பித்தளை, துவாரம் பெருத்தால் எண்ணெய்ச் செலவு நிரந்தரமாகக் கூடும். காற்றை ஊதி அடைப்பை நீக்குவதே போதும். மிதவையைக் காதருகே வைத்துக் குலுக்குங்கள். உள்ளே எண்ணெய் ஆடினால் மிதவை ஓட்டை, மாற்றவேண்டும்.

சரிசெய்யும் முறை

கலவைத் திருகாணியை மெதுவாக இறுதிவரை பூட்டுங்கள். அழுத்தினால் ஊசிமுனை கெடும். பின்னர் ஒன்று முதல் ஒன்றரைச் சுற்று வரை திறவுங்கள். இது தொடக்க நிலை மட்டுமே. பெற்றோலில் இயக்கி, ஐந்து நிமிடங்களுக்கு மேல் ஓடி எஞ்சின் நன்கு சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுங்கள்.

இனிக் காதுக்கு வேலை. எஞ்சின் மெதுவாக ஓடும்போது திருகாணியை ஒரு பக்கமாக, ஒவ்வொரு முறையும் கால் சுற்றுக்குக் குறைவாகத் திருப்புங்கள். ஓட்டம் தடுமாறும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மறுபக்கம் திருப்பி, ஓசை கனத்துக் கரும்புகை வரும் இடத்தையும் குறியுங்கள். இரண்டுக்கும் நடுவே, எண்ணெய் கூடும் பக்கம் சிறிது சாய்ந்து நிறுத்துங்கள். எந்தப் பக்கம் எண்ணெய் கூடும் என்பது காபுரேற்றருக்குக் காபுரேற்றர் மாறும், மனப்பாடம் செய்யவேண்டாம்.

சில பழைய எஞ்சின்களில் பிரதான ஜெற்றுக்கும் தனியே ஓர் ஊசி உண்டு. அதனை வெறுமனே ஓடும் எஞ்சினில் சரிசெய்யக்கூடாது. பம்பி தண்ணீர் இறைத்துக்கொண்டிருக்கும்போதே சரிசெய்யவேண்டும். சுமையின் கீழ் காபுரேற்றர் தும்மினால் எண்ணெய் போதாது. வேலை முடிந்ததும் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். அதன் முனை தேயிலைச் சாய நிறமாயிருந்தால் கலவை சரி. கரி படிந்திருந்தால் எண்ணெய் அதிகம், வெளிறியிருந்தால் குறைவு.

அளந்து பாருங்கள்

அரை லீற்றர் மண்ணெண்ணெயை அளந்து விட்டு, எத்தனை நிமிடம் ஓடுகிறது என்று பாருங்கள். சரிசெய்யுமுன் 30 நிமிடமும் பின்னர் 40 நிமிடமும் ஓடினால், மணிக்கு கால் லீற்றர் மிச்சம். நான்கு மணிநேர இறைப்புக்கு ஒரு லீற்றர். 2022இன் விலைப்படி ஒவ்வோர் இறைப்பிலும் 340 ரூபா.

எண்ணெய் அதிகமானால் வேறொரு கேடும் உண்டு. எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி எஞ்சின் ஒயிலில் கலக்கும். ஒயில் மட்டம் குறையாமல் கூடினாலோ, மண்ணெண்ணெய் மணத்தாலோ உடனே மாற்றுங்கள். வேலையை நிறுத்துமுன் சில நிமிடங்கள் பெற்றோலில் ஓட்டி, கிண்ணத்திலுள்ள மண்ணெண்ணெயை எரித்துவிடுங்கள். மறுநாட் காலை கயிறு இழுத்துக் களைக்கவேண்டியதில்லை.

கிணற்றையும் உயிரையும் காப்போம்

பம்பி நடைமுறையில் ஏழு மீற்றர் ஆழத்துக்கு மேல் நீரை உறிஞ்சாது. ஆகவே ஆழக் கிணறுகளில் சிலர் அதனைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டுகிறார்கள். இது உயிராபத்து. புகையிலுள்ள காபனோரொட்சைட் வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கிணற்றுக்குள் அது தேங்கி நின்று, இறங்குபவரை மயக்கிக் கொல்லும். அவரைத் தூக்க இறங்குபவரும் மாண்டுபோகலாம். எஞ்சினைக் கிணற்றுக்குள் ஓட்டவோ, அங்கு வைத்துச் சரிசெய்யவோ வேண்டாம்.

எமது நிலத்தின் அடியில் இருப்பது வெடிப்புகள் நிறைந்த சுண்ணாம்புக்கல். மேலே சிந்தும் எண்ணெய் நிலத்தடி நீரைச் சேர அதிக காலம் எடுக்காது. சுன்னாகம் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்தமை தொடர்பான வழக்கில், 2019ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம் மக்களுக்கு நட்டஈடு வழங்குமாறு தீர்ப்பளித்தது. அங்கு சிந்தியது மின்நிலையத்து எண்ணெய். நாம் சிந்துவது சில துளிகளே என்றாலும், அதே கிணற்று நீரைத்தான் எமது பிள்ளைகளும் குடிக்கிறார்கள். பம்பியைக் கிணற்றுக் கட்டிலிருந்து தள்ளி வைத்து, அடியில் ஒரு தகரத் தட்டை வையுங்கள். கழித்த ஒயிலை மண்ணில் ஊற்றாமல் போத்தலில் சேருங்கள்.

அடுத்த இறைப்பு நாளில் அயலவர் ஒருவரையும் அழைத்து, இருவருமாகக் கேட்டுச் சரிசெய்யுங்கள். 1990களில் எமது ஊர்களில் இந்த வேலை பரவியதும் இவ்வாறு ஒருவரைப் பார்த்து மற்றவர் கற்றதனாலேயே.