காரின் தரைவிரிப்பும் கடல் உப்பும்

டொராண்டோவில் இருக்கும் என் மகள் சென்ற குளிர்காலத்தில் தொலைபேசியில் பேசும்போது, "அப்பா, கார் கார்ப்பெட் முழுவதும் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்துக் கிடக்கிறது, என்ன செய்வது?" என்று கேட்டாள். அங்கே சாலையில் பனி உறையாமல் இருக்க உப்பைக் கொட்டுகிறார்கள். அது பனிச்சேற்றோடு காலணியில் ஒட்டிக்கொண்டு வண்டிக்குள் வந்துவிடுகிறது. பனியையே பார்த்திராத திருவனந்தபுரத்துக்காரனிடம் இதைக் கேட்கிறாளே என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் அதே உப்பினால் ஒரு காரின் அடித்தட்டைப் பறிகொடுத்தவன் நான். அவர்கள் உப்பைச் சாலையில் கொட்டுகிறார்கள். நாம் ஈர வேட்டியில் சுமந்து வருகிறோம்.

நம் சங்க அன்பர்கள் பலர் ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் கன்னியாகுமரி சென்று கடலாடி வருவது வழக்கம். மலையாள அண்டை வீட்டார் கர்க்கடக வாவு என்று சொல்லும் நாளில் சங்குமுகத்திலேயே தர்ப்பணத்தை முடித்துக்கொள்பவர்களும் உண்டு. முடிந்ததும் என்ன செய்கிறோம்? ஈரத் துணியை ஒரு பிளாஸ்டிக் பையில் திணித்து இருக்கையின் கீழே தள்ளுகிறோம். மணல் ஒட்டிய ஈரக்காலோடு ஏறி உட்காருகிறோம். கன்னியாகுமரியிலிருந்து ஏறத்தாழ 90 கிலோமீட்டர் வந்து சேர்வதற்குள் பையிலிருந்து வடிவதெல்லாம் வடிந்துவிடும். நானும் இப்படித்தான் பல ஆண்டுகள் செய்தேன். வண்டிக்குள் ஒரு முடை நாற்றம் வந்தது. மனைவி சொன்னாள். நான் ஒரு வாசனைப் புட்டியை வாங்கித் தொங்கவிட்டேன். கார்ப்பெட்டைத் தொட்டுப் பார்த்தால் காய்ந்துதான் இருந்தது.

ஒருநாள் பிரேக் பார்க்க வண்டியை வொர்க்‌ஷாப்பில் விட்டபோது, அதைத் தூக்கி நிறுத்திய மெக்கானிக் அடியிலிருந்து ஒரு ஸ்க்ரூ டிரைவரால் தட்டினார். ஓட்டுநர் இருக்கைக்கு நேர் கீழே அது சத்தமில்லாமல் உள்ளே போய்விட்டது. இருக்கையைத் தாங்கும் நான்கு போல்ட்டுகளில் ஒன்று துருப்பிடித்த தகட்டில் பெயரளவில் நின்றுகொண்டிருந்தது. பல வண்டிகளில் சீட் பெல்ட் மாட்டும் கொக்கியும் இருக்கையோடுதான் பிணைந்திருக்கிறது. களியக்காவிளைச் சாலையில் பஸ் ஒன்று குறுக்கே வந்து நான் பலமாகப் பிரேக் பிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அன்றிரவு தூக்கம் வரவில்லை.

ரயில் பெட்டிப் பராமரிப்பில் காலம் கழித்த எனக்கு இது தெரியாமல் போனதுதான் வெட்கம். பழைய ஐ.சி.எஃப். பெட்டிகளில் கழிவறை ஓரமாகத் தரையைப் பிரித்தால், மேலே போட்ட விரிப்பு பளபளவென்று இருக்கும். அடியிலுள்ள இரும்புத் தகடு வடிகட்டி போல ஓட்டையாகியிருக்கும். கார் தரையும் அப்படித்தான். மேலே நாம் பார்க்கும் துணி, அதன் கீழே கனமான ஃபோம் அல்லது பஞ்சுப்பட்டை, அதற்கும் கீழே தகடு. துணி ஒரு மணி நேரத்தில் காயும். ஃபோம் குடித்த தண்ணீர் போக வழியில்லை.

வெறும் மழைத்தண்ணீர் என்றால் எப்படியோ சில நாளில் ஆவியாகிவிடும். கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. பிழியாத துணியிலிருந்து அரை லிட்டர் வடிந்தால் 17 கிராமுக்கு மேல், அதாவது மூன்று தேக்கரண்டி உப்பு. நீர் போனாலும் அது அங்கேயே தங்கும். சமையலறை உப்பு ஜாடி ஆனி, ஆடியில் கசிவதை எல்லோரும் பார்த்திருப்போம். காற்றில் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால் சாதாரண உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துத் தானே கரையத் தொடங்கும். கடல் உப்பில் கலந்துள்ள மக்னீசியம் குளோரைடுக்கு 33 விழுக்காடே போதும். நம் ஊரில் மழைக்காலக் காலை வேளைகளில் 80 விழுக்காட்டைத் தாண்டுவது சாதாரணம். ஆகவே உப்பேறிய கார்ப்பெட், ஒரு சொட்டுத் தண்ணீர் விழாவிட்டாலும் ஒவ்வொரு இரவும் தானாக நனைகிறது. அந்த உப்புநீர்தான் இரும்பை வேகமாக அரிக்கிறது.

எனவே வெயிலில் காயவைப்பதற்கு முன்னால் உப்பைக் கழுவி எடுக்க வேண்டும். பலரும் இதை மறந்துவிடுகிறார்கள். கதவோரத்தில் உள்ள பிளாஸ்டிக் பட்டையைக் கழற்றினால் கார்ப்பெட்டின் விளிம்பைத் தூக்கலாம். கையை உள்ளே விட்டு ஃபோமை அழுத்திப் பாருங்கள். விரல் நனைந்தால் சங்கதி புரிந்துவிடும். வெதுவெதுப்பான நல்ல தண்ணீரை ஊற்றி, ஈரத்தையும் உறிஞ்சும் வாக்குவம் கிளீனரால் இழுத்தெடுங்கள். கடலோரக் கிணற்று நீர் உப்பாக இருக்கலாம், அது வேண்டாம். குழாய்த் தண்ணீரே நல்லது. ஒவ்வொரு முறையும் முக்கால் பங்கு உப்பு வெளியேறினால் மூன்றாம் முறையில் அறுபத்து நான்கில் ஒரு பங்குதான் மிஞ்சும். அதனால் ஒரே தடவை வாளி வாளியாகக் கொட்டுவதைவிட, கொஞ்சம் கொஞ்சமாக மூன்று முறை செய்வது மேல். இருக்கைக்கு அடியில் மஞ்சள் நிற ஒயர் இணைப்புகள் தென்பட்டால் அவற்றின் மேல் தண்ணீர் படக்கூடாது. அவை ஏர்பேக் சம்பந்தப்பட்டவை. பிறகு விளிம்பைத் தூக்கி இரண்டு தேங்காய்ச் சிரட்டைகளை முட்டுக்கொடுத்து, கதவைத் திறந்து வைத்து வெயில் காட்ட வேண்டும். வெயில் இல்லாவிட்டால் மேசை மின்விசிறி. இரண்டு நாளாவது ஆகும்.

கடலுக்கே போகாத வண்டியிலும் முன்புறப் பயணியின் கால்மாட்டில் ஈரம் கண்டால் ஏ.சி.யின் வடிகுழாய் அடைத்திருக்கலாம். ஏ.சி. ஓடும்போது வண்டிக்கு அடியில் தண்ணீர் சொட்டுகிறதா என்று பாருங்கள். சொட்டாவிட்டால் அது உள்ளேதான் போகிறது. மாமரத்தடியில் நிறுத்துகிறவர்கள் முன்கண்ணாடிக்குக் கீழே சேரும் சருகையும் அள்ளிவிட வேண்டும்.

2023 அக்டோபர் நடுவில் பெய்த பெருமழையில் நம் நகரின் தாழ்ந்த பகுதிகளில் வீடுகளுக்குள்ளேயே வெள்ளம் புகுந்தது. அப்படி மூழ்கிய வண்டி வேறு விஷயம். அதை ஸ்டார்ட் செய்யாமல் இன்ஷூரன்ஸ்காரருக்குச் சொல்லி இழுத்துச் செல்ல வேண்டும்.

மேட் விஷயத்தில் என் கட்சி, விளிம்பு உயர்ந்த ரப்பர் மேட். தட்டு போலத் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும், எடுத்துக் கொட்டிவிடலாம். பனி நாட்டிலும் அதைத்தான் போடுகிறார்கள். இப்போது தரை முழுவதையும் மூடித் தைத்ததுபோல வரும் '7டி' மேட்டுகள் பார்க்க அழகு. ஆனால் அடியில் போன ஈரத்தை அவை வெளியே விடுவதில்லை. எந்த மேட்டானாலும் அந்த வண்டிக்கென்று செய்ததாக இருக்கட்டும், கொக்கியில் மாட்டியிருக்கட்டும், ஒன்றின் மேல் ஒன்று போட வேண்டாம். 2009 ஆகஸ்டில் அமெரிக்காவின் சான் டியேகோ அருகே, வேறு மாடல் வண்டிக்கான ரப்பர் மேட்டில் ஆக்ஸிலரேட்டர் சிக்கிக்கொண்டதில் ஒரே காரில் சென்ற நால்வர் இறந்தனர். அடுத்த மாதமே டொயோட்டா நிறுவனம் மேட் காரணமாக ஏறத்தாழ 38 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது.

மகளிடம் முதலில் வெந்நீர், பிறகு வாக்குவம் என்று சொன்னேன். வெள்ளைக் கறை போகச் சிறிது வினிகர் கலந்துகொள்வதாக அவளே சொன்னாள். நான் இப்போது குமரிக்குப் போகும்போது வீட்டிலிருந்து இரண்டு கேன் குழாய்த் தண்ணீர் எடுத்துச் செல்கிறேன். காலைக் கழுவ ஒன்று, துணியை அலச ஒன்று. அலசிப் பிழிந்த துணி வாளிக்குள் போகும். வாளிக்கு இறுக்கமான மூடி இருக்கட்டும். மூடியில்லாத வாளி தக்கலை தாண்டுவதற்குள் கவிழ்ந்துவிடும், அதையும் செய்து பார்த்தாயிற்று.