கருத்த குடத்தில் கரைந்து ஓடுவது என்ன தெரியுமா?

செம்புக் குடத்தைப் புளி போட்டுத் தேய்க்கும்போது கறுப்பாகக் கரைந்து ஓடுகிறதே, அது வெறும் அழுக்கு இல்லை, செம்பின் ஆக்சைடு. தெரியுமா? கிருமியைக் கொல்லுமா என்று உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் நானோ துகளாக்கிச் சோதிக்கிற அதே சரக்கு, திண்டுக்கல் மாவட்டத்து வடமதுரை வீட்டு வாசல்களில் புளிக்கரைசலோடு சாக்கடைக்குப் போய்க்கொண்டிருக்கிறது!

பதற வேண்டாம். தேய்த்துப் பளபளக்கிற குடமும் சும்மா இருப்பதில்லை. பெங்களூரு எப்.ஆர்.எல்.எச்.டி. நிறுவன ஆய்வாளர்கள் காலரா, டைபாய்டு, சீதபேதிக் கிருமிகளைத் தண்ணீரில் கலந்து செம்புப் பானையில் 16 மணி நேரம் வைத்துப் பார்த்தார்கள். பிறகு அந்தத் தண்ணீரிலிருந்து ஒரு கிருமியையும் வளர்க்க முடியவில்லை! 2012இல் வெளியான ஆய்வு இது. தண்ணீரில் இறங்கிய செம்போ, உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பில் (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) பத்தில் ஒரு பங்குகூட இல்லை. உள்ளே ஈயம் பூசிய பாத்திரத்தை நம்பிவிடாதீர்கள். தண்ணீர் செம்பைத் தொட்டால்தானே வேலை நடக்கும்?

சரி, நானோ எதற்கு? ஒரு சென்டிமீட்டர் கனசதுரத்துக்கு வெளிப்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர்தான். அதையே 10 நானோமீட்டர் துண்டுகளாக நறுக்கினால் 600 சதுர மீட்டர். நம்மூர்க் கணக்கில் ஏறக்குறைய 15 சென்ட் நிலம்! ஒரு சுண்டுவிரல் நுனியளவு பொருளில்! அத்தனை பரப்பும் கிருமியைத் தொடக் காத்திருக்கிறது.

வேர்க்குருவுக்குத் தடவும் காலமைனில் இருக்கிறதே துத்தநாக ஆக்சைடு, அதன் நானோ துகளைத் தண்ணீரில் பார்ப்போம். இ-கோலி என்ற குடல் கிருமியின் நீளம் ஏறக்குறைய 2,000 நானோமீட்டர். அதன் மேலுறையில் எதிர்மின், துகளிலோ நேர்மின். துகள் தானாகப் போய் ஒட்டிக்கொள்கிறது. வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டதும் துகளுக்குள் எலக்ட்ரான் துள்ளுகிறது. பக்கத்திலிருக்கும் நீரும் ஆக்சிஜனும் ஹைட்ராக்சில், பெராக்சைடு என்று கிருமியைத் தின்னும் பொருள்களாக மாறுகின்றன. கிருமியின் சவ்வு ஓட்டையாகிறது, உள்ளிருப்பது வெளியே கசிகிறது. கதை முடிந்தது! இருட்டிலும் ஓரளவு கொல்கிறது; அது எப்படி என்பதில் விஞ்ஞானிகளுக்குள் இன்னும் சண்டை தீரவில்லை.

வெள்ளை பெயிண்டில் இருக்கும் டைட்டானியம் டை ஆக்சைடும் இதே வித்தைக்காரன். பிளாட்டினம் சேர்த்து, வெளிச்சம் காட்டி, 1985இலேயே ஜப்பானில் கிருமியைக் கொன்று காட்டிவிட்டார்கள்.

ஆனால் துகள் தண்ணீரோடு வயிற்றுக்குள் போனால்? குளத்தில் கலந்தாலோ, மீன், பாசி, நல்ல பாக்டீரியா என்று அது பேதம் பார்க்காதே! இங்கேதான் நம் சென்னை ஐ.ஐ.டி. வருகிறது. பேராசிரியர் தலப்பில் பிரதீப்பின் குழு, இறால், நண்டு ஓட்டிலிருந்து கிடைக்கும் கைட்டோசானையும் அலுமினியம் ஆக்ஸிஹைட்ராக்சைடையும் சேர்த்து ஒரு கூண்டு கட்டி, உள்ளே நானோ வெள்ளியைச் சிறை வைத்தது. துகள் வெளியே வராது. கிருமியைக் கொல்லும் வெள்ளி அயனி மட்டும் லிட்டருக்கு 40 மைக்ரோகிராம் அளவில் கசியும். அனுமதி 100 வரை! ஒரு குடும்பத்துக்கு ஆண்டுச் செலவு இரண்டரை டாலர் என்று 2013இல் கணக்குக் காட்டினார்கள். பிரதீப்புக்கு 2020இல் பத்மஸ்ரீ.

இதெல்லாம் கிருமிக்கு. போர் தண்ணீரின் உப்பை இவை ஒன்றும் செய்யாது. திண்டுக்கல் மாவட்ட நிலத்தடி நீரில் பல இடங்களில் இருக்கும் புளோரைடையும் செம்புக் குடம் எடுக்காது. அதற்கென்றே வேறோர் ஆக்சைடு உண்டு: புளோரைடைப் பிடித்துவைக்கும் ஆக்டிவேட்டட் அலுமினா.

ஆகவே நானோ பவுடர் என்று எவராவது பொட்டலம் விற்றால் வாங்கித் தண்ணீரில் கொட்டாதீர்கள். தெளிந்த தண்ணீரை முதல் நாள் மாலையே செம்புக் குடத்தில் ஊற்றி வையுங்கள். எலுமிச்சைச் சாறு, மோர் அதில் வேண்டாம். ஊரில் வயிற்றுப்போக்கு பரவும்போது மட்டும் குடத்தை நம்பாமல் கொதிக்க வைத்தே குடியுங்கள்.