பட்டணத்துக் கனவும் பக்கத்துப் பாயும்

பெட்டியில் துணிகளை அடுக்கியாகிவிட்டது. இனிச் சென்னையில் இருந்து பயன் இல்லை. மதுரையில் ஒரு வேலை காத்திருக்கிறது. மாதம் பிறந்தால் சம்பளம் வரும். போய்ச் சேர்ந்துவிட வேண்டியதுதான்!

இப்படி முடிவு கட்டிவிட்டு, தியாகராயநகர் விடுதி அறை ஒன்றில் இருந்தார் ஓர் இளைஞர். 1962-ம் ஆண்டு வாக்கில் நடந்தது இது. வயது முப்பதை எட்டியிருந்தது. ஊர் ஸ்ரீரங்கம். பெயர் ரங்கராஜன்.

அந்த நேரத்தில் பின்னணிப் பாடகர் பி.பி.ஸ்ரீனிவாஸ் அவரைப் பார்க்க வந்தார். அண்மையில் பாடிய பாட்டு ஒன்றைப் பாடிக்காட்டும்படி இளைஞர் கேட்டார். "சுமைதாங்கி" படத்துக்காகக் கண்ணதாசன் எழுதிய பாட்டு ஒன்றை ஸ்ரீனிவாஸ் பாடினார். கலங்கி நிற்கும் மனதுக்குத் தைரியம் சொல்லும் பாட்டு அது.

பாட்டு முடிந்தது. பயணமும் நின்றது. பெட்டிக்குள் போன துணிகள் வெளியே வந்தன.

அந்த இளைஞர்தான் கவிஞர் வாலி!

மற்ற நாட்களில் பசிக்குமே!

இந்தக் கதையை வாலியே பல முறை சொல்லியிருக்கிறார். தமிழ்நாட்டில் இதைக் கேட்காதவர்கள் குறைவு. ஆனால், இந்தக் கதைக்கு இன்னொரு பாதி உண்டு. அதை யாரும் அவ்வளவாக நினைத்துப் பார்ப்பதில்லை.

பாட்டு ஒரு நாள் வந்தது. ஒரு நாள் காப்பாற்றியது. அதற்கு முன்பு எத்தனையோ நாட்கள்! அந்த நாட்களில் எல்லாம் வயிறு பசிக்குமே! மாதம் முடிந்தால் அறைக்கு வாடகை கொடுக்க வேண்டுமே! வேலை இல்லாத ஒருவர் சென்னை போன்ற பட்டணத்தில் எப்படித் தாக்குப் பிடித்தார்?

அதற்கு விடை, அவருடன் அறையில் இருந்தவர்களிடம் இருக்கிறது.

தபால் கார்டில் போன பாட்டு

வாலி திருச்சி வானொலிக்கு நாடகம் எழுதிக்கொண்டிருந்தவர். படம் வரைவார். பாட்டும் எழுதுவார். முருகன் மீது ஒரு பாட்டு எழுதினார். அதை ஒரு தபால் கார்டில் எழுதி, பாடகர் டி.எம்.சவுந்தரராஜனுக்கு அனுப்பிவைத்தார்.

முன்பின் தெரியாதவர் அனுப்பிய கார்டு. சவுந்தரராஜன் அதைக் குப்பையில் போடவில்லை. மெட்டுப் போட்டுப் பாடினார். சென்னைக்கு வந்தால் நல்ல எதிர்காலம் உண்டு என்று ஊக்கமும் கொடுத்தார்.

வாலி சென்னைக்கு வந்தார். வந்தவுடன் வாசல் திறந்துவிட்டதா? இல்லை. ஒன்றிரண்டு படங்களுக்குப் பாட்டு எழுதினார். அதற்கு மேல் நகரவில்லை. அப்போது பாட்டு என்றால் கண்ணதாசன்தான். பட அதிபர்கள் அவரைத்தான் தேடிப் போனார்கள். புதிதாக வந்தவரை யார் கூப்பிடுவார்கள்?

மூன்று பேர், இரண்டு சம்பளம்

தியாகராயநகரில் "கிளப் ஹவுஸ்" என்று ஒரு விடுதி இருந்தது. அங்கேதான் வாலி தங்கினார். அறைத் தோழர்கள் இரண்டு பேர்.

ஒருவர் தாராபுரத்துக்காரர். ஒல்லியான உடம்பு. முகத்தில் அம்மைத் தழும்பு. ரெயில்வேயில் குமாஸ்தா. நாடகத்தில் நடிப்பதில் அவருக்கு ஆசை. ஒரு நாடகத்தில் வயிற்றுவலிக்காரராக வந்து சில நிமிடமே நடித்தார். அன்று தலைமை தாங்க வந்தவர் எம்.ஜி.ஆர். அந்தச் சின்ன வேடத்துக்கே பரிசு கொடுத்துப் பாராட்டினார். அந்த ரெயில்வே குமாஸ்தாதான் நாகேஷ்!

இன்னொருவர் அமெரிக்கத் தூதரக அலுவலகத்தில் வேலை பார்த்தவர். அவருக்கும் நடிப்பு ஆசை உண்டு. அவர்தான் பின்னாளில் "வெண்ணிற ஆடை" படத்தில் அறிமுகமான ஸ்ரீகாந்த்.

இப்போது கணக்குப் பாருங்கள். ஒருவருக்கு ரெயில்வே சம்பளம். ஒருவருக்குத் தூதரகச் சம்பளம். மூன்றாமவர் கையில் பேனா மட்டும்!

இந்தப் பேனாவுக்குச் சோறு போட்டவர் நாகேஷ். தன்னிடம் காசு இருந்தபோதெல்லாம் நண்பரையும் பட்டினி போடாமல் பார்த்துக்கொண்டார். இதை வாலி கடைசிவரை நன்றியோடு சொல்லிவந்தார்.

அறையில் மூன்று பேருக்கும் ஒரே நாளில் கஷ்டம் வந்திருந்தால் மூன்று பேரும் ஊர் திரும்பியிருப்பார்கள். ஒருவருக்குச் சம்பளம் இருந்தது. அதனால் இன்னொருவரின் கனவு பிழைத்தது.

ஒரே பாட்டில் எல்லோரும்

1963-ம் ஆண்டு "கற்பகம்" படம் வந்தது. வாலியின் பாட்டுகள் ஊர் ஊராக ஒலித்தன. அடுத்த ஆண்டு எம்.ஜி.ஆர். நடித்த "படகோட்டி" வந்தது. அதில் எல்லாப் பாட்டும் வாலி எழுதியவை.

அதே 1964-ம் ஆண்டில் "சர்வர் சுந்தரம்" வந்தது. கே.பாலசந்தரின் நாடகம்தான் படம் ஆயிற்று. அந்தப் பாலசந்தரும் அரசாங்க அலுவலகத்தில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே நாடகம் எழுதியவர்தான். ஓட்டல் சர்வர் ஒருவன் சினிமா நடிகன் ஆகும் கதை. கதாநாயகன் நாகேஷ்.

அந்தப் படத்தில், பாட்டுப் பதிவு செய்யும் கூடத்தையே காட்டும் காட்சி ஒன்று உண்டு. இசை அமைப்பாளர் எம்.எஸ்.விஸ்வநாதன் திரையில் தோன்றுவார். பாடகர் டி.எம்.சவுந்தரராஜன் ஒலிபெருக்கி முன் நின்று பாடுவார். நாகேஷ் ஆடுவார். அந்தப் பாட்டை எழுதியவர் வாலி!

தபால் கார்டைப் படித்தவர் பாடுகிறார். கார்டை எழுதியவர் பாட்டு எழுதியிருக்கிறார். அவருக்குச் சோறு போட்டவர் ஆடுகிறார். ஒரு விடுதி அறையின் கதையே அந்த ஒரு பாட்டுக்குள் அடங்கிவிட்டது.

அம்மா விற்ற ரேடியோ

இது ஒரு அறையில் மட்டும் நடந்த அதிசயம் என்று நினைக்க வேண்டாம். சில ஆண்டுகள் கழித்து இன்னொரு அறையிலும் இதே கதை நடந்தது.

மதுரைக்கு மேற்கே, மலை அடிவாரத்தில் உள்ள கிராமம் பண்ணைப்புரம். இன்று தேனி மாவட்டத்தில் இருக்கிறது. அந்த ஊர்ச் சகோதரர்கள் மேடைக் கச்சேரி செய்து வந்தவர்கள். 1968-ம் ஆண்டு வாக்கில் சென்னைக்குப் புறப்பட்டார்கள். கையில் பணம் இல்லை. தாயார் சின்னத்தாய் வீட்டில் இருந்த ரேடியோவை விற்றார். 400 ரூபாய் கிடைத்தது. தனக்கென்று ஒரு காசும் எடுத்துக்கொள்ளாமல் அவ்வளவையும் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டார்.

400 ரூபாய் பட்டணத்தில் எத்தனை நாளைக்கு வரும்?

ஆனால் அவர்களுக்குச் சென்னையில் ஒரு நண்பர் இருந்தார். அல்லிநகரத்துக்காரர். சினிமா டைரக்டர் ஆக வேண்டும் என்று முன்பே வந்தவர். பெட்ரோல் பங்கில் வேலை பார்த்துக்கொண்டே வாய்ப்புத் தேடிக்கொண்டிருந்தார். அவர் அறையில் இவர்களுக்கும் இடம் கிடைத்தது.

சகோதரர்களில் ஒருவர் தன்ராஜ் மாஸ்டரிடம் மேல்நாட்டு இசை கற்றார். பிறர் இசை அமைத்த படங்களுக்குக் கிட்டார் வாசித்தார். உதவியாளராக உழைத்தார். ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் இப்படியே ஓடின. 1976-ம் ஆண்டு "அன்னக்கிளி" வந்தது. இளையராஜா என்ற பெயர் தமிழ்நாடு முழுவதும் பரவியது.

மறு ஆண்டு "16 வயதினிலே" வந்தது. டைரக்டர், பெட்ரோல் பங்க் நண்பரான பாரதிராஜா. இசை இளையராஜா. அதில் தம்பி கங்கை அமரன் எழுதிய ஒரு பாட்டைப் பாடிய எஸ்.ஜானகிக்குத் தேசிய விருது கிடைத்தது.

மறுபடியும் ஓர் அறை. மறுபடியும் ஒரு படம்!

பேர் தெரியாதவர்கள்

இந்தக் கதைகளைக் கேட்டுவிட்டு, "நானும் போகிறேன்" என்று உடனே கிளம்பிவிடக் கூடாது. ஜெயித்தவர்களின் கதைதான் நமக்குத் தெரிகிறது. அதே விடுதிகளில், அதே தெருக்களில் பாய் விரித்துப் படுத்தவர்கள் எத்தனையோ பேர். அவர்களில் பெரும்பாலோர் பேர் யாருக்கும் தெரியாது. பலர் ஊர் திரும்பினார்கள். வயலைப் பார்த்தார்கள். கடை வைத்தார்கள். உத்தியோகத்துக்குப் போனார்கள்.

அவர்கள் தோற்றவர்கள் என்று சொல்வது நியாயம் இல்லை. அன்று வாலி மதுரைக்கே போயிருந்தாலும் அது அவமானம் ஆகியிருக்காது. சம்பளம் வாங்கி, குடும்பம் நடத்தி, கவுரவமாக வாழ்ந்திருப்பார். நமக்குத்தான் பாட்டுகள் கிடைக்காமல் போயிருக்கும்.

உள்ளே போகவே கூச்சப்படும் அளவுக்கு ஊரில் வாசலை அடைத்துவிடக் கூடாது. திரும்பி வர வீடு இருக்கிறது என்று தெரிந்தவன்தான் பட்டணத்தில் பயம் இல்லாமல் முயற்சி செய்வான்.

இன்றைய சென்னை

இன்று கனவுகள் மாறியிருக்கின்றன. சினிமாவுக்கு வருகிறவர்கள் இன்றும் வடபழனியிலும் சாலிகிராமத்திலும் அறை தேடுகிறார்கள். கம்ப்யூட்டர் கம்பெனி வேலைக்கு வருகிறவர்கள் பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் போகிறார்கள். அரசுத் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் அண்ணாநகரில் இருக்கிறார்கள். திருவல்லிக்கேணி மேன்ஷன்களில் இன்றும் வெளியூர்ப் பிள்ளைகள் தங்குகிறார்கள்.

கனவு எதுவானாலும் செலவு ஒன்றுதான். முதலில் முன்பணம். பல மாத வாடகையை மொத்தமாகக் கேட்கிறார்கள். பிறகு மாத வாடகை, சாப்பாடு, பஸ் கட்டணம்.

ஒரு அறைக்கு வாடகை 9,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் தங்கினால் 9,000. மூன்று பேர் தங்கினால் தலைக்கு 3,000. இது குழந்தைக்கும் தெரிந்த கணக்கு. ஆனால் வாடகையில் மட்டும் லாபம் இல்லை. காய்ச்சல் வந்தால் கஞ்சி வாங்கி வர ஓர் ஆள் இருக்கும். நேர்முகத் தேர்வுக்குப் போக நல்ல சட்டை இரவல் கிடைக்கும். ஒரு வாசல் மூடினால், இன்னொரு வாசல் எங்கே என்று சொல்ல ஒரு வாய் இருக்கும்.

வேலைக்குப் போகும் பெண்களுக்கு இந்தத் துணை இன்னும் அவசியம். அவர்களுக்காகவே தமிழக அரசின் "தோழி" விடுதிகள் சென்னையிலும் வேறு ஊர்களிலும் இருக்கின்றன. தனியாக வீடு தேடி அலைவதற்கு முன்பு அங்கே விசாரிப்பது நல்லது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அறையில் ஒருவருக்காவது மாதச் சம்பளம் இருக்க வேண்டும். நாகேஷுக்கு ரெயில்வே இருந்தது. பாரதிராஜாவுக்குப் பெட்ரோல் பங்க் இருந்தது. கனவுக்காக வந்தவன் சின்ன வேலை பார்ப்பது கேவலம் இல்லை. அந்தச் சின்ன வேலைதான் பெரிய கனவுக்கு வாடகை கட்டுகிறது.

பெற்றோர் கேட்க வேண்டிய கேள்வி

பிள்ளை ஒரு நாள் வந்து, "சென்னைக்குப் போகிறேன்" என்று சொல்வான். மகளும் சொல்வாள். அம்மா கண் கலங்குவாள். அப்பா கோபப்படுவார். "எதற்குப் போகிறாய்? எப்போது சம்பாதிப்பாய்?" என்று கேட்பார். கேட்கட்டும். அந்தக் கேள்விகளும் வேண்டியவைதான்.

ஆனால் அவற்றோடு இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும்.

"அங்கே யாரோடு தங்கப் போகிறாய்?"

இதற்கு நல்ல பதில் வந்தால், அந்த நண்பனை ஒரு நாள் வீட்டுக்கு அழைத்து வரச் சொல்லுங்கள். வயிறாரச் சாப்பாடு போடுங்கள். ஏன் என்றால், நாளைக்கு உங்கள் பிள்ளை பசித்திருக்கும்போது கையில் இருக்கும் நாலு இட்லியில் இரண்டை எடுத்துக் கொடுக்கப் போகிறவன் அவன்தான்.