குளிர்காலத் தோட்டத்தில் பறவைகள்

தில்லியில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் கடுங்குளிர் நிலவும். சிறு பறவைகள் இறகுகளை உப்பச் செய்து, இடையே காற்றைத் தேக்கி உடல் வெப்பத்தைக் காத்துக்கொள்கின்றன. ஆயினும், பகலில் போதிய உணவு பெறாத பறவை நீண்ட இரவின் குளிரைத் தாங்குவது அரிது.

வீட்டுத் தோட்டம் இப்பறவைகளுக்குப் புகலிடமாகலாம். 2012ஆம் ஆண்டில் தில்லியின் மாநிலப் பறவையாக அறிவிக்கப்பட்ட சிட்டுக்குருவி கம்பு, தினை முதலிய தானியங்களை விரும்பி உண்ணும். கொண்டைக்குருவி பழத்துண்டுகளை நாடி வரும். வடக்கிலிருந்து வலசை வரும் வாலாட்டிக்குருவியோ புல்தரையில் ஓடிப் பூச்சிகளைப் பிடிக்கும். தவிட்டுக்குருவிகள் கூட்டமாக வந்து சருகுகளைக் கிளறி இரை தேடும். ஆகவே, சருகுகளை எரித்தலும் பூச்சிக்கொல்லி தெளித்தலும் அவற்றின் உணவை அழிப்பதாகும்.

ஆழமற்ற மண்தட்டில் நீர் வைத்து நாள்தோறும் மாற்றுதல் வேண்டும். உணவுத்தட்டையும் கழுவ வேண்டும். அழுக்கடைந்த தட்டு நோயைப் பரப்பும். உப்பிட்ட தின்பண்டங்களை வைத்தல் கூடாது. பூனை பதுங்கும் இடத்தருகே தட்டை வைத்தால், விருந்துக்கு வந்த பறவையே இரையாகிவிடும்.

சொற்பொருள்
வலசை – பருவந்தோறும் இடம்பெயர்தல்
சருகு – உலர்ந்த இலை

வினாக்கள்
1. பறவைகள் இறகுகளை உப்பச் செய்வது ஏன்?
2. சருகுகளை ஏன் எரித்தல் கூடாது?