கைத்தொழிலுக்கு முதல் எங்கே?

நம் இல்லங்களில் கைவேலை அறிந்த பெண்களுக்குக் குறைவில்லை. மாகறல் போன்ற சிற்றூர்களிலும் ஆரி வேலை, ஒயர்க்கூடை, தொப்பி பின்னுதல் எனத் தேர்ந்த கரங்கள் உள்ளன. ஆயினும், "இதை விற்கலாமே" என்றால், "முதலுக்கு எங்கே போவது?" என்ற மறுமொழியே வருகிறது. வாரத் தவணைக் கடன் வாசலுக்கே வருகிறது. அதனுடன் வட்டியும் வருகிறது. வட்டிக்கு அஞ்சும் குடும்பமோ தொழில் எண்ணத்தையே கைவிட்டு விடுகிறது.

வட்டியின்றித் தொடங்க வழியுண்டு. அதைக் காண நெல்லைச் சீமையின் பத்தமடை வரை சென்று வர வேண்டும். தாமிரபரணிப் பாசனத்து ஊரான அங்கே லெப்பை முஸ்லிம் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகக் கோரைப்பாய் நெய்து வருகின்றன. கோரையை அறுத்து உலர்த்தி, நீரில் ஊறவிட்டு, நார் நாராகக் கிழித்து, சாயமேற்றி, பருத்திப் பாவில் கோத்து நெய்கின்றனர். அவற்றுள் நுண்ணியதான பட்டுப்பாயைத் துணிபோல் மடித்து வைக்கலாம். 2013-ஆம் ஆண்டில் இப்பாய்க்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

வாசகியர் கருத வேண்டியது நெசவின் நுட்பத்தை மட்டுமன்று, விற்பனை முறையையும்தான். மணமக்கள் பெயரும் திருமண நாளும் பொறித்த கல்யாணப் பாய் பத்தமடையின் சிறப்பு. ஒருவர் பெயர் நெய்த பாயை மற்றொருவர் வாங்கார். ஆகவே சொல்லி வைத்த பின்னரே அதை நெய்ய முடியும். இத்தகைய பொருளுக்கு முன்பணம் கேட்பதில் கூச்சம் எதற்கு? அந்த முன்பணமே முதல்.

மார்க்கம் இதற்கு இடமளிக்கிறது. நபி (ஸல்) அவர்கள் மதீனா வந்தபோது, அவ்வூரார் ஓராண்டு, ஈராண்டு முன்னதாகவே பேரீச்சம்பழத்திற்குப் பணம் கொடுத்து வருவதைக் கண்டார்கள். அதைத் தடுக்கவில்லை, அளவும் எடையும் தவணையும் திட்டமாக இருக்க வேண்டும் என வரையறுத்தார்கள். இதுவே 'ஸலம்'. இதில் முழு விலையையும் முன்னரே கொடுத்துவிட வேண்டும். சொல்லிச் செய்விக்கும் பொருளுக்கு ஹனஃபி ஃபிக்ஹில் 'இஸ்திஸ்னாஃ' என்றொரு முறையுண்டு. அதில் ஒரு பகுதி மட்டும் பெற்றாலும் கூடும். ஷாஃபிஈ மத்ஹபினர் தம் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளிக.

எனவே நீளம், அகலம், நிறம், எழுத்து, ஒப்படைக்கும் நாள் அனைத்தையும் ஒரு தாளில் எழுதுங்கள். பெயரை வாங்குபவர் கையாலேயே எழுதச் செய்யுங்கள். 'ஹஸீனா'வா 'ஹசீனா'வா என்ற வழக்கு நெய்து முடித்த பின் எழலாகாது!

விலையில்தான் நம் பெண்கள் பெரிதும் ஏமாறுகின்றனர். ஒரு ரவிக்கையின் ஆரி வேலைக்கு நூலும் மணியும் 300 ரூபாய், உழைப்பு 20 மணி நேரம் என்று கொள்வோம். அதை 500 ரூபாய்க்குக் கொடுத்தால் மணிக்குக் கிடைக்கும் கூலி 10 ரூபாய். "சமையல் முடிந்த பின் சும்மா செய்ததுதானே" என்பார்கள். சும்மா அன்று, கண்ணும் முதுகும் தேய்ந்த நேரம் அது. முதல் பொருளைச் செய்யும்போதே கடிகாரத்தைப் பார்த்துக் குறித்து வையுங்கள். ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்கள் தோலைப் பதனிட்டுத் தைத்து, அந்த வருவாயைத் தர்மம் செய்தார்கள். கைத்தொழிலின் ஊதியத்தை அற்பமாக எண்ண நமக்கு முன்மாதிரி இல்லை.

தமிழக அரசு 2025-இல் தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டத்தில் 25 சதவீத மானியம் அறிவிக்கப்பட்டது. அது வங்கிக் கடனோடு பிணைந்தது என்பதை அறிந்தே அணுக வேண்டும்.

முதல் வாடிக்கையாளர் பெரும்பாலும் உறவினராகவே அமைவார். அவரிடம் முன்பணம் கேட்கவும் தாளில் எழுதவும் நாக்கூசும். ஆனால் தவணைக் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொல்லும் அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆம் வசனத்தில் உறவினருக்கு விலக்கு இல்லை. எழுதிய தாளின் படி ஒன்றை அவரிடமும் கொடுத்து விடுங்கள்.