வடக்குப் பக்கத்துப் பாத்திக்கு நந்தியாவட்டை

தில்லிக்கு மாற்றலாகி வந்து, கீழ்த்தள வீடும் கிடைத்துவிட்டால் நம்மவர்கள் செய்யும் முதல் காரியம் ஒரு கறிவேப்பிலைக் கன்று வைப்பதுதான். நாங்களும் வைத்தோம். வீட்டின் வடக்குப் பக்கம், மதிலோரமாகப் பத்தடி நீளத்துக்கு ஒரு பாத்தி. ஜூன் மாதத்தில் பார்த்தபோது காலையிலும் மாலையிலும் நல்ல வெயில் அடித்தது. அதை நம்பி ஏமாந்தோம். நவம்பரில் எங்கள் மூன்று மாடிக் கட்டடத்தின் நிழல் பாத்தியில் வந்து படுத்தது. பிப்ரவரி வரை எழுந்திருக்கவில்லை. ஜனவரிக் குளிரில் கறிவேப்பிலை மொட்டையாயிற்று. மார்ச்சிலும் துளிர்க்கவில்லை.

காரணம் எளிது. கோடையில் சூரியன் வடகிழக்கில் உதித்து வடமேற்கில் மறைவதால் வடக்குச் சுவருக்கும் வெயில் கிடைக்கிறது. டிசம்பரிலோ, உச்சி வேளையில்கூடச் சூரியன் தில்லியில் சுமார் 38 பாகை உயரம்தான் ஏறுகிறது. சென்னையில் 53 பாகைக்கு மேல். ஊர்க் கணக்கு இங்கே செல்லாது. ஆகவே, செடி வாங்குமுன் டிசம்பரில் ஒரு நாள் அந்த இடத்தைப் பார்த்துவிடுங்கள்.

அடுத்து என்ன வைப்பது? தெருப் பார்வையை ஆண்டு முழுவதும் மறைக்க வேண்டும், பூஜைக்கு நாலு பூவும் வேண்டும் என்றாள் என் மனைவி. செம்பருத்தியும் மல்லிகையும் நிழலில் இலையாக வளருமே தவிரப் பூப்பது அபூர்வம். இட்லிப்பூ அரை நிழலைத் தாங்கும்; ஆனால் இங்குள்ள காரத்தன்மையுள்ள மண்ணில் அதற்கு இரும்புச் சத்து எட்டாமல், நரம்பு மட்டும் பச்சையாக இருக்க இலை மஞ்சளாகிவிடுகிறது. அரளிக்கு முழு வெயில் வேண்டும். விஷச் செடி வேறு. குழந்தைகள் உள்ள வீட்டில் யோசிக்கத்தான் வேண்டும்.

நர்சரியில் 'காமினி' காட்டினார்கள். நல்ல செடிதான், அரை நிழலிலும் அடர்ந்து வளரும், வாசனைக்கும் குறைவில்லை. ஆனால் மழைக்குப் பிறகு ஒரேயடியாகப் பூத்து இரண்டொரு நாளில் கொட்டிவிடும். தினசரி பூஜைக்கு உதவாது.

கடைசியில் கண்ணில் பட்டது நம் நந்தியாவட்டை! இங்கே அதற்கு 'சாந்தினி' என்று பெயர். பெயர் தெரியாமல் எத்தனை முறை கடந்து போயிருப்போமோ. அடுக்கு வகையைவிட ஒற்றை வகையையே வாங்கினோம். அந்த ஐந்து இதழ்ப் பூவைப் பார்த்தால்தான் எங்களுக்கு ஊர்க் கோயில் நினைவு வருகிறது.

ஜூலை மழையில், ஒன்றரை அடிக் குழியில் மக்கிய சாண எருவும் இலை உரமும் கலந்து, மூன்றடிக்கு ஒன்றாக மூன்று கன்றுகள் நட்டோம். குளிர்காலத்தில் தண்ணீரைக் குறைத்துவிடுங்கள். நிழலில் ஈரம் காயாமல் வேர் அழுகும். கத்தரிப்பது பிப்ரவரிக் கடைசியில். வெட்டினால் பால் வடியும், கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளவும். குளிரில் வளர்ச்சி நின்று சில இலைகள் பழுத்தாலும், செடி மொட்டையாவதில்லை. இரண்டாம் கோடையில் பூக்கூடை நிறையத் தொடங்கியது.

புதிய கறிவேப்பிலைக் கன்று ஒன்று தெற்கு வாசலில் தொட்டியில் நிற்கிறது. ஜனவரியில் இலை உதிர்க்கத்தான் செய்கிறது. அந்த இரண்டு மாதம் மட்டும் கடையில் வாங்கிக்கொள்கிறோம்.