பயன்படுத்திய விளையாட்டுத் தானுந்து: ஓட்டச் செலவும் மீள்விற்பனை மதிப்பும்

பயன்படுத்திய விளையாட்டுத் தானுந்து என்பது ஒருவர் அல்லது பலர் உரிமையில் ஏற்கனவே ஓடிய, வேகத்திற்கும் கையாளுமைக்கும் முதன்மை தந்து வடிவமைக்கப்பட்ட தானுந்து ஆகும். பேச்சுவழக்கில் இது "செகண்ட் ஹேண்ட் ஸ்போர்ட்ஸ் கார்" எனப்படும். இத்தகைய வண்டியின் விலை ஆண்டுதோறும் வேகமாகக் குறைகிறது. ஆனால் அதன் உதிரிப்பாகங்களின் விலையும் பழுதுபார்க்கும் கூலியும் அவ்வாறு குறைவதில்லை. 30 இலட்சம் ரூபாய் வண்டி 12 இலட்சத்திற்குக் கிடைத்தாலும், அதன் பராமரிப்புச் செலவு 30 இலட்ச ரூபாய் வண்டிக்கு உரியதாகவே இருக்கும். இவ்வகை வண்டிகளின் பொருளியலைப் புரிந்துகொள்ள இவ்வேறுபாடே அடிப்படை.

இந்தியாவில்

இந்தியாவில் உருவான விளையாட்டுத் தானுந்துகள் மிகச் சிலவே. 1990களின் இறுதியில் வெளிவந்த சான் ஸ்டார்ம், ரெனோ நிறுவனத்தின் எஞ்சினையும் இழைக்கண்ணாடி உடலையும் கொண்ட இரு கதவு வண்டி. 2012 இல் காட்சிப்படுத்தப்பட்ட டிசி அவந்தி மற்றொன்று. சந்தையில் கைமாறுபவற்றுள் பெரும்பாலானவை இறக்குமதியான வண்டிகள், அல்லது சாதாரண வண்டிகளின் ஆற்றல் கூட்டப்பட்ட வடிவங்கள். பிந்தைய வகைக்கு ஓர் எடுத்துக்காட்டு ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடிஐ. 2016 இல் ஏறத்தாழ 26 இலட்சம் ரூபாய்க்கு அறிமுகமான இதன் விலையை நிறுவனம் பின்னர் ஏறத்தாழ 20 இலட்சமாகக் குறைத்தது. புதிய வண்டியின் விலை குறைந்தால், முன்னரே வாங்கியவரின் மீள்விற்பனை மதிப்பும் உடனே குறையும் என்பதை இது காட்டுகிறது.

மதிப்புத் தேய்வு

புதிய வண்டி முதல் சில ஆண்டுகளில்தான் மிகுதியாக மதிப்பை இழக்கிறது. இந்தியக் காப்பீட்டில் நெடுங்காலமாக வழங்கிவரும் தேய்மான அட்டவணை இதைத் தெளிவாகக் காட்டும். வண்டியின் வயதுக்கேற்பக் கழிக்கப்படும் விழுக்காடு பின்வருமாறு:

* 6 மாதம் வரை: 5%
* 6 மாதம் முதல் 1 ஆண்டு வரை: 15%
* 1 முதல் 2 ஆண்டு வரை: 20%
* 2 முதல் 3 ஆண்டு வரை: 30%
* 3 முதல் 4 ஆண்டு வரை: 40%
* 4 முதல் 5 ஆண்டு வரை: 50%

ஐந்து ஆண்டுகளுக்குப் பின் காப்பீட்டு நிறுவனமும் உரிமையாளரும் பேசி மதிப்பை முடிவு செய்வர். இது காப்பீட்டுக்கான மதிப்பு மட்டுமே. சந்தை விலை இதற்கு மேலோ கீழோ அமையலாம். புதிய வண்டிக்குக் கட்டிய வாழ்நாள் சாலை வரியும் முதல் உரிமையாளரின் இழப்பில் சேரும். தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் 20 இலட்சத்திற்கு மேற்பட்ட தானுந்துகளுக்கு இவ்வரி 20% ஆகும்.

ஓட்டச் செலவுகள்

எரிபொருள்: ஆற்றல் மிகுந்த எஞ்சின்களுக்கு உயர் ஆக்டேன் பெட்ரோல் பரிந்துரைக்கப்படுவது உண்டு. 20% எத்தனால் கலந்த பெட்ரோல் 2025 இல் நாடெங்கும் பரவலானது. எத்தனால் கலவாத பெட்ரோலுக்கு வடிவமைத்து 10% கலவைக்கு இசைவாக்கிய நான்கு சக்கர வண்டிகளில், இக்கலவையால் எரிபொருள் திறன் 6 முதல் 7% வரை குறையலாம் என 2021 இல் நிதி ஆயோக் அறிக்கை மதிப்பிட்டது. பழைய வண்டியின் இரப்பர்க் குழாய்கள் இக்கலவைக்கு ஏற்றவையா என்பதையும் பார்க்க வேண்டும்.

டயரும் தடையும்: அகன்ற, மென்மையான இரப்பர் கொண்ட டயர்கள் சாலையை நன்கு பற்றும், அதனாலேயே விரைவில் தேயும். பெரிய தடைத்தட்டுகளும் அவ்வாறே.

பல்லிணைப் பெட்டி: இரட்டைக் கிளட்ச் கொண்ட தன்னியக்கப் பெட்டியில் ஒரு கிளட்ச் ஒற்றைப்படைப் பல்லிணைகளையும் மற்றது இரட்டைப்படைப் பல்லிணைகளையும் இயக்கும். அதனால் மாற்றம் நொடிப்பொழுதில் நிகழும். நெரிசலில் ஊர்ந்து செல்லும்போது கிளட்ச் அரைகுறையாகப் பற்றித் தேய்கிறது. இதன் பழுது பல இலட்சம் ரூபாய் வரை செல்லக்கூடும்.

காப்பீடு: மூன்றாம் தரப்புக் காப்பீட்டுக் கட்டணம் எஞ்சின் கொள்ளளவைப் பொறுத்தது. 2022 ஜூன் 1 இல் நடைமுறைக்கு வந்த பட்டியலின்படி 1500 கன செ.மீ.க்கு மேற்பட்ட தனியார் தானுந்துக்கு இது 7,897 ரூபாய். சொந்தச் சேதத்திற்கான காப்பீட்டில் இரப்பர், நெகிழிப் பாகங்களுக்கு 50% கழிக்கப்படும். இக்கழிவைத் தவிர்க்கும் கூடுதல் காப்பீடு பழைய வண்டிகளுக்குக் கிடைப்பது அரிது. பந்தயத் தடத்தில் ஏற்படும் சேதத்தை வழக்கமான காப்பீடு ஏற்காது. எனவே கோயம்புத்தூரின் கரி வேகத்தடத்தில் வண்டியை ஓட்டிப் பார்க்க விரும்புவோர் இதை நினைவிற்கொள்ள வேண்டும்.

எடுத்துக்காட்டுக் கணக்கு

புதிதாக 30 இலட்சம் ரூபாய்க்கு வாங்கிய வண்டியை ஐந்தாண்டு கழித்து ஒருவர் 12 இலட்சத்திற்கு வாங்கி, நான்கு ஆண்டுகள் ஓட்டி 6 இலட்சத்திற்கு விற்பதாகக் கொள்வோம். ஆண்டுக்கு 10,000 கி.மீ. ஓட்டம், லிட்டருக்கு 10 கி.மீ., பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் எனக் கொண்டால் ஓராண்டுச் செலவு:

* மதிப்புத் தேய்வு: 1,50,000
* எரிபொருள்: 1,00,000
* பராமரிப்பு: 90,000
* முதலீட்டின் மீதான வட்டி இழப்பு (7%): 84,000
* காப்பீடு: 45,000
* டயர்: 25,000
* மொத்தம்: 4,94,000 ரூபாய்

அதாவது ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 49 ரூபாய். ஆண்டுக்கு 4,000 கி.மீ. மட்டுமே ஓட்டினால் செலவு குறையும் எனப் பலர் கருதுவர். மொத்தத் தொகை குறையும் என்பது உண்மையே. ஆனால் மதிப்புத் தேய்வு, வட்டி, காப்பீடு ஆகிய மூன்றும் பெரிதும் மாறுவதில்லை. இவற்றுக்கு மட்டுமே கிலோமீட்டருக்கு 70 ரூபாய் அளவு ஆகிவிடும். நிறுத்தி வைத்த வண்டியும் செலவு வைக்கும். மேலும், முதல் உரிமையாளர் ஐந்தாண்டில் 18 இலட்சம் இழந்தார். இரண்டாமவர் நான்காண்டில் 6 இலட்சமே இழந்தார். பயன்படுத்திய வண்டியின் ஆதாயம் இதுவே. ஒரு பெரிய பழுது இவ்வாதாயத்தில் பெரும்பகுதியை விழுங்கிவிடக்கூடும்.

வெள்ளகோவில் போன்ற ஊர்களில்

திருப்பூர் மாவட்டம் காங்கேயம் வட்டத்தில், கோயம்புத்தூர்-கரூர் நெடுஞ்சாலையில் உள்ள வெள்ளகோவில், விசைத்தறிகளும் எண்ணெய் ஆலைகளும் மிகுந்த நகரம். பழைய தறிகளை வாங்கி விற்பது இப்பகுதித் தொழில்முனைவோருக்குப் பழக்கமான ஒன்று. ஆனால் தறிக் கணக்கைத் தானுந்துக்குப் பொருத்த இயலாது. சாதாரண விசைத்தறியின் உதிரிப்பாகம் உள்ளூர்ப் பட்டறைகளிலேயே கிடைக்கும். தறி ஓடும் ஒவ்வொரு மீட்டரும் வருமானம் தரும். இறுதியில் இரும்பு விலையாவது தேறும். விளையாட்டுத் தானுந்து வருமானம் தருவதில்லை. உயர்வகை வண்டிகளின் சேவை நிலையங்களும் பெரும்பாலும் கோயம்புத்தூரிலேயே உள்ளன. ஓடாத வண்டியை ஏறத்தாழ 90 கி.மீ. தொலைவு இழுவை வண்டியில் ஏற்றிச் செல்லும் கூலியையும் கணக்கில் சேர்க்க வேண்டும். உயரமான வேகத்தடைகளில் தாழ்ந்த அடிப்பகுதி உரசுவது மற்றொரு சிக்கல்.

தொழில் நிறுவனத்தின் பெயரில் வாங்கினால் வருமான வரியில் ஆண்டுக்கு 15% தேய்மானம் கழிக்க 1961 ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதிகள் வழிசெய்தன. குறைந்து செல்லும் மதிப்பு முறையில் 12 இலட்சம் நான்கு ஆண்டுகளில் ஏறத்தாழ 6.26 இலட்சமாகும். இது ஏட்டு மதிப்பே. விற்கும்போது அவ்விலை கிடைக்கும் என்பதற்கு உறுதியில்லை.

பதிவும் உரிமை மாற்றமும்

தனியார் தானுந்தின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். பின்னர் ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரல் முதல் இக்கட்டணம் தானுந்துக்கு 5,000 ரூபாய், இறக்குமதியான தானுந்துக்கு 40,000 ரூபாய். 20 ஆண்டு கடந்தவற்றுக்கு 2025 இல் இது இருமடங்காக்கப்பட்டது. வெளிமாநில வண்டி மலிவாகக் கிடைப்பினும், அதற்குத் தடையின்மைச் சான்று, மறுபதிவு, தமிழ்நாட்டு வரி ஆகியவை தேவைப்படும்.

விற்பவருக்கும் பொறுப்பு உண்டு. பதிவேட்டில் யார் பெயர் உள்ளதோ அவரே விபத்து இழப்பீட்டிற்குப் பொறுப்பான உரிமையாளர் என 2018 இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே பெயர் மாற்றம் முடியும் வரை விற்பனை முழுமை பெற்றதாகக் கருதலாகாது.

மீள்விற்பனை மதிப்பைத் தீர்மானிப்பவை

* முழுமையான பராமரிப்புப் பதிவேடு
* உரிமையாளர்களின் எண்ணிக்கை
* விபத்து, வெள்ளச் சேதம் இன்மை
* தயாரிப்பாளர் இந்தியாவில் தொடர்ந்து இயங்குதல். ஃபியட் 2019 இலும் ஃபோர்டு 2021 இலும் இந்தியாவில் தானுந்து விற்பனையை நிறுத்தின. இத்தகைய விலகல்கள் உதிரிப்பாகம் குறித்த ஐயத்தை எழுப்புகின்றன.
* தொழிற்சாலை நிலையிலிருந்து மாற்றப்படாமை. புகைபோக்கி, எஞ்சின் மென்பொருள் ஆகியவற்றில் செய்த மாற்றங்களுக்குச் செலவிட்ட பணம் திரும்புவது அரிது. அவை சட்டச் சிக்கலையும் தரலாம்.

அரிய வண்டிகள் சில காலப்போக்கில் விலை ஏறுவதும் உண்டு. ஆயினும் அது விதிவிலக்கே. வாங்கும் விலைக்கு அப்பால், ஒரு பெரிய பழுதைத் தாங்கும் தொகையைத் தனியே ஒதுக்க இயலாதவருக்கு, மலிவாகக் கிடைக்கும் விளையாட்டுத் தானுந்து மலிவானது அன்று.